விதிவிலக்குகள் எதை நிரூபிக்கின்றன?

நம் இலக்கியக் கூட்டங்களிலும் சிற்றிதழ் விவாதங்களிலும் ஒரு வாக்கியம் நெடுங்காலமாக வாதத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஒருவர் பொதுக்கூற்று ஒன்றை முன்வைக்கிறார். அதற்குப் பொருந்தாத எடுத்துக்காட்டு ஒன்றை இன்னொருவர் எழுந்து சொல்கிறார். முன்னவர் சற்றும் அசராமல், 'விதிவிலக்குகள் விதியையே நிரூபிக்கின்றன' என்கிறார். அவ்வளவுதான். கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார். அரங்கில் மெல்லிய சிரிப்பொலி எழுகிறது. அடுத்த பேச்சாளர் அழைக்கப்படுகிறார். சிலர் இதனை 'எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்' என்று ஆங்கிலத்திலேயே சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட பழமொழிக்கு நம்மிடையே மேல்முறையீடு கிடையாது.

இவ்வாக்கியம் என்னதான் சொல்கிறது? ஒரு கூற்றுக்கு எதிரான சான்று, அதே கூற்றுக்கு ஆதரவான சான்றாகிவிடுகிறதாம். அப்படியானால் எதிர்ச்சான்று பெருகப் பெருகக் கூற்றும் வலுப்பெற்றாக வேண்டும். நூறு காகங்களில் ஒன்று வெள்ளையாக இருந்தால் 'காகம் கறுப்பு' என்பது நிரூபணம். தொண்ணூற்றொன்பது வெள்ளையாக இருந்தால் ஐயந்திரிபற நிரூபணம். சந்தைக் கணக்கில் இப்படிப் பேசுபவரை யாரும் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். இலக்கிய விமர்சனத்தில் மட்டும் இவர்களுக்கு மேடை கிடைத்துவிடுகிறது.

அண்மையில் ஒரு நாவல் அறிமுகக் கூட்டத்தில் இருந்தோம். மூத்த விமர்சகர் ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம், அவர் ஒருவர் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. பெண்கள் தங்கள் அனுபவத்தை நேர்த்தியாக எழுதிவிடுவார்கள் என்றும், ஒரு நிலப்பரப்பையோ ஒரு தொழிலையோ ஒரு காலத்தையோ அள்ளியெடுத்து நாவலாக்கும் வீச்சு அவர்களுக்கு வாய்ப்பதில்லை என்றும் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தார். நீலகிரிப் படகர் வாழ்வை எழுதிய 'குறிஞ்சித்தேன்', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரை எழுதிய 'கரிப்பு மணிகள்' என்று ராஜம் கிருஷ்ணனின் நாவல்களைச் சொன்னார். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இலேயே வந்துவிட்டது என்றார். பாமாவின் 'கருக்கு', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்று அடுக்கினார். ப. சிவகாமியின் பெயரையும் சேர்த்தார். விமர்சகர் புன்னகைத்தார். விதிவிலக்குகள் விதியையே நிரூபிக்கின்றன, அம்மா. பெண் உட்கார்ந்துவிட்டார். நாமும் பேசாமல் இருந்தோம். அந்த மௌனத்தை நினைத்துக் கூசியதால்தான் இதை எழுதுகிறோம்.

இத்தொடருக்குச் சரியான பொருள் ஒன்று உண்டு. அது முட்டாள்தனமானதும் அன்று. தமிழகத்து முடிதிருத்தும் நிலையங்கள் பலவற்றில் 'செவ்வாய்க்கிழமை விடுமுறை' என்ற பலகை தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்பலகை புதன்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆயினும் அதைப் படித்துவிட்டுப் புதனன்று காலையில் நம்பிக்கையோடு போய் நிற்கிறோம். செவ்வாயை மட்டும் எடுத்து விலக்கியிருப்பதால், விலக்கப்படாத மற்ற நாட்களில் கடை திறந்திருக்கும் என்ற விதி, எழுதப்படாமலே தெரிந்துவிடுகிறது. விலக்கு விதியை நிரூபிக்கிறது என்றால் இதுதான். இதற்குமேல் ஒன்றுமில்லை. செவ்வாயன்று கடை மூடியிருப்பது 'கடை எந்நாளும் திறந்திருக்கும்' என்பதற்குச் சான்று என்று எவரும் சொல்வதில்லை.

இக்கருத்தின் புகழ்பெற்ற மூலம் உரோமாபுரி நீதிமன்றம் ஒன்றில் இருக்கிறது. கி.மு. 56இல் லூசியஸ் கார்னீலியஸ் பால்பஸ் என்பவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர் இன்றைய ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைச் சேர்ந்தவர். ஸ்பெயின் போரில் செய்த உதவிக்காகத் தளபதி பாம்பே அவருக்கு உரோமக் குடியுரிமை அளித்திருந்தார். காடிஸ் நகரத்தோடு உரோம் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கும்போது அந்நகரத்தின் இசைவு இல்லாமல் அதன் குடிமகனை உரோமானியன் ஆக்க முடியாது என்பது வாதிகள் தரப்பு. பால்பஸுக்காக வாதாடிய சிசரோ வேறு சில உடன்படிக்கைகளை எடுத்துக் காட்டினார். கெனோமானி, இன்சுப்ரி, ஹெல்வெட்டி முதலிய இனத்தாரோடு செய்த உடன்படிக்கைகளில், அவர்களில் எவரையும் உரோம் குடிமகனாக ஏற்கக் கூடாது என்ற விலக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. காடிஸ் உடன்படிக்கையில் அது இல்லை. விலக்கு எழுதப்பட்ட இடத்தில் அவ்விலக்கினால்தான் தடை உண்டாகிறது என்றால், விலக்கு எழுதப்படாத இடத்தில் அனுமதி இருந்தே தீர வேண்டும் என்று வாதிட்டார். பால்பஸ் விடுவிக்கப்பட்டார். பின்னர் கி.மு. 40இல் உரோமின் கான்சல் பதவிக்கும் உயர்ந்தார்; வெளிநாட்டில் பிறந்து அப்பதவிக்கு வந்த முதல் மனிதர் அவரே.

இவ்வாதமே பிற்காலச் சட்ட இலத்தீனில் முதுமொழி ஆயிற்று. விலக்கு, *விலக்கப்படாத நேர்வுகளில்*, விதியை உறுதிசெய்கிறது என்பது அதன் முழு வடிவம். பிரான்சிஸ் பேக்கன் 1623இல் இலத்தீனில் வெளியிட்ட நூலிலும் சட்டங்களைப் பற்றிய பகுதியில் இக்கருத்து வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் புழங்கத் தொடங்கியபோது அதன் வால் அறுந்துவிட்டது. 'விலக்கப்படாத நேர்வுகளில்' என்ற அவ்வால்தான் அதன் உயிர். வாலறுந்த பழமொழியைத்தான் நாம் இறக்குமதி செய்து, மொழிபெயர்த்து, மேடையில் வீசிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே கொஞ்சம் ஆங்கிலம் அறிந்த அன்பர் ஒருவர் குறுக்கிடுவார். 'ப்ரூவ்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தல் என்று பொருள். ஆகவே விதிவிலக்கு விதியை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறது என்பதே இதன் உண்மைப் பொருள் என்பார். அழகான விளக்கம். அமெரிக்கரான ஆம்புரோஸ் பியர்ஸும் 1911இல் வெளிவந்த தம் 'சாத்தானின் அகராதி'யில் இதையே சொல்லி, பழமொழியைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பவர்களைக் கேலி செய்தார். கேலி நியாயமானதுதான். விளக்கம் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. சிசரோவின் வாதத்தில் சோதனை எதுவும் இல்லை. ஒரு விலக்கிலிருந்து ஒரு விதியைப் பெறும் அனுமானம்தான் இருக்கிறது. பழமொழியை மூடத்தனத்திலிருந்து காப்பாற்ற நினைத்த நல்லெண்ணத்தில் பிறந்த பொய் இது. நல்லெண்ணத்தில் பிறந்தாலும் பொய் பொய்தானே.

எச்.டபிள்யூ. ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்ககராதியில் இத்தொடருக்கு நீண்ட பதிவொன்று உண்டு. ஐந்து விதப் பயன்பாடுகளைப் பிரித்துக் காட்டுகிறார் அவர். முதலாவது நாம் மேலே சொன்ன சட்டப் பொருள். கடைசி இரண்டையும் அவர் அபத்தம் என்றே குறிக்கிறார். ஒன்று வேடிக்கைக்குச் சொல்லும் அபத்தம், மற்றது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்லும் அபத்தம். நம் மேடைகளில் விளங்குவது எது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

ஃபௌலரின் இரண்டாம் வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டை இலக்கிய வாசகர்கள் மறக்க மாட்டார்கள். ஜோன்ஸ் என்றொரு விமர்சகர். எந்த நூலையும் அவர் பாராட்டியதே இல்லை. பாராட்டும் திறனே அவருக்கு இல்லை என்று நாம் முடிவுகட்டியிருக்கிறோம். ஒரு நாள், பெயர் இல்லாமல் வெளிவந்த ஒரு நாவலை அவர் வானளாவப் புகழ்ந்து எழுதுகிறார். நம் முடிவு தவிடுபொடி. பின்னர் தெரியவருகிறது, அந்நாவலை எழுதியவரே ஜோன்ஸ்தான் என்று. இப்போது நம் முடிவு முன்னைவிட உறுதிப்படுகிறது. 'பிறரைப் பாராட்டும் திறன் இல்லை' என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம். (ஜோன்ஸ் இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) இங்கே விதிவிலக்கு விதியை வலுப்படுத்தியது உண்மை. ஆனால் விதிவிலக்காகத் தோன்றியது ஏன் தோன்றியது என்று யாரோ ஒருவர் போய் விசாரித்த பிறகே வலுப்படுத்தியது. அவ்விசாரணைதான் முக்கியம்.

அறிவியலில் இதற்கு மறக்க முடியாத இணை ஒன்று உண்டு. யுரேனஸ் கோள் நியூட்டனின் விதி சொன்ன பாதையிலிருந்து சற்றே விலகி நகர்ந்தது. விதிவிலக்கு என்று யாரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகவில்லை. பிரெஞ்சு வானியலர் லெவெரியே, காணாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு அதன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு, பெர்லின் ஆய்வகத்தில் கல்லே தொலைநோக்கியைத் திருப்பியபோது, கணித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. முரண் விளக்கப்பட்டது, விதி ஓங்கியது. அதே லெவெரியே 1859இல் புதன் கோளின் பாதையிலும் ஒரு முரணைக் கண்டார். இதற்கும் காணாத கோள் ஒன்றைக் கற்பித்து வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. தேடினார்கள், தேடினார்கள். அது இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியல் கொள்கையைக் கொண்டுவந்தபோதுதான் அம்முரண் தீர்ந்தது; நூறாண்டுகளுக்கு 43 விகலை அளவே ஆன அச்சிறு முரணுக்கு நியூட்டனின் விதி இடம்விட வேண்டியதாயிற்று. ஒரே மனிதர், ஒரே விதி, ஒரே வகை முரண். ஒன்று விதியை நிறுவியது, மற்றொன்று விதியைச் சாய்த்தது. எது எதைச் செய்யும் என்பது முரணைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. எடுத்து ஆராய்ந்தால்தான் தெரியும். நம் விமர்சகர்கள் ஆராயாமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாக இப்பழமொழியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இறக்குமதிப் பழமொழிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. விதி, விலக்கு என்ற சொற்களோடு ஈராயிரம் ஆண்டுகளாகப் புழங்கிவரும் மொழி நம்முடையது. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பிரமாணங்களை அடுக்கிக் காட்டும்போது அருத்தாபத்தி என்று ஒன்றைச் சொல்கிறான். கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் கரையில் இருக்கிறது என்று கொள்வது. சொன்னதிலிருந்து சொல்லாததை, அது இல்லாமல் சொன்னது பொருந்தாது என்பதால், பெற்றுக்கொள்ளும் முறை. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று மீமாம்சகர் சொல்வதும் இதுவே. நம் உரையாசிரியர்கள் 'எனவே இது பெற்றாம்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிச் செல்வதைப் படித்தவர்களுக்கு, செவ்வாய்க்கிழமைப் பலகையின் தர்க்கம் புதிதாகத் தோன்றாது.

தொல்காப்பியத்தில் ஒரு நூற்பா. சொல்லின் முதலில் எவ்வெழுத்துக்கள் வரும் என்று வரையறுக்கும் மொழிமரபில், சகர மெய் அ, ஐ, ஔ என்னும் மூன்றும் அல்லாத உயிர்களோடு முதலாகும் என்கிறது. மூன்றை விலக்கியதால் எஞ்சிய ஒன்பதுக்கும் விதி உறுதியாகிறது. பழமொழி சரியாகப் பொருந்தும் இடம். ஆனால் தமிழில் சகடம் உண்டு, சட்டி உண்டு, சமழ்ப்பு உண்டு. குறளிலேயே சமன் உண்டு, சலம் உண்டு. இவை எல்லாம் நூற்பாவின்படி வரக் கூடாத சொற்கள். உரைகாரர்கள் என்ன செய்தார்கள்? இவை விதிவிலக்குகள், ஆகவே விதி நிரூபணமாயிற்று என்று நச்சினார்க்கினியர் எழுதவில்லை. காலப்போக்கில் வந்து வழங்கும் சொற்களைக் கடிந்து ஒதுக்க வேண்டாம் என்று தொல்காப்பியமே எச்சவியலில் சொல்லியிருப்பதைத் தேடியெடுத்து, அதன்கீழ் இச்சொற்களை அமைத்தார். அந்நூற்பாவின் பாடமே வேறு, மூன்று எழுத்துக்களை அது விலக்கவில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. பவணந்தியோ நன்னூலில் விதியையே மாற்றிவிட்டார்; சகரம் பன்னிரண்டு உயிரோடும் சொல்லுக்கு முதலாகலாம் என்றார். விலக்குக்குத் தனி இடம் தேடு, அல்லது பாடத்தை மறுபடி பார், அல்லது விதியை மாற்று. இம்மரபில் வந்தவர்கள்தாம் இன்று எதிர்ச்சான்றைக் கண்டதும் புன்னகைக்கிறோம்.

மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும், ஆங்கிலேயர்களே இன்று இத்தொடரை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள், உங்களுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். சொற்பொருள் மாறுவதில் எமக்கு வருத்தம் இல்லை. நாற்றம் என்பது ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அதனால் யாருக்கும் அநீதி நேர்ந்துவிடவில்லை. ஆனால் இத்தொடரின் பொருள் மாற்றம் அப்படிப்பட்டதன்று. ஒருவர் தம் கூற்றை எந்தச் சான்றாலும் தொட முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ள அது உதவுகிறது. தொட முடியாத கூற்று அடித்தளத்தில் இருப்பவர்களைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெண்கள், தலித்துகள், ஈழத்தவர்கள், சிற்றூர்க்காரர்கள். 'பிராமண எழுத்தாளர்களுக்கு நாவல் வராது, தி. ஜானகிராமன் ஒரு விதிவிலக்கு' என்று எந்தக் கூட்டத்திலும் கேட்டதாக நினைவில்லை.

இலக்கியத்தில் இத்தொடரால் நீண்ட காலம் உயிர்வாழ்ந்த கூற்றுகள் பல. வெகுசன இதழ்களில் இலக்கியம் வராது என்பது ஒன்று. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில்தானே வந்தது என்றால், விதிவிலக்கு. 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்ததே என்றால், அதுவும் விதிவிலக்கு. தாய்மொழி அல்லாத மொழியில் பெரும் படைப்பு சாத்தியமில்லை என்பது இன்னொன்று. போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குப் பிறகே ஆங்கிலம் பேசக் கற்றார், விதிவிலக்கு. பெக்கெட் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் பிரெஞ்சில் எழுதினார், விதிவிலக்கு. (நபகோவை விட்டுவிடுவோம், அவர் குழந்தையிலேயே ஆங்கிலம் அறிந்தவர்.) முப்பது வயதையொட்டித் தமிழகம் வந்த இத்தாலியர் பெஸ்கி தேம்பாவணி பாடினார். வீட்டில் தெலுங்கு பேசிய கி. ராஜநாராயணன் கரிசல் தமிழுக்கே முகவரி ஆனார். கன்னடத்துக்கு 1973இல் ஞானபீடம் பெற்றுத்தந்த பேந்த்ரேயின் வீட்டு மொழி மராத்தி. 1983இல் பெற்றுத்தந்த மாஸ்தியின் வீட்டு மொழி தமிழ். இத்தனை பேரையும் வாசலுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, உள்ளே காலியாகக் கிடக்கும் கூடத்தைக் காட்டி, பாருங்கள் எம் விதி எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பதுபோல் இருக்கிறது.

இப்போது அன்றைய கூட்டத்துக்குத் திரும்புவோம். பழமொழியை முதற்பொருளில் எடுத்துக்கொண்டு, அதாவது சரியாகப் பயன்படுத்தி, விமர்சகரின் கூற்றைப் படித்துப் பார்ப்போம். ஆச்சரியமாக, அது பொருந்துகிறது. ஆனால் அவர் நினைத்த இடத்தில் பொருந்தவில்லை.

விலக்கு என்பது ஒரு செயல். யாரோ ஒருவர் செய்ய வேண்டும். உடன்படிக்கை எழுதியவர்கள் கெனோமானிகளை விலக்கினார்கள். கடைக்காரர் செவ்வாயை விலக்கினார். விதியை இயற்றியவருக்குத்தான் விலக்கவும் அதிகாரம் உண்டு. ஆகையால்தான் அவர் விலக்கியதைப் பார்த்து அவர் மனத்திலிருக்கும் விதியை அறிய முடிகிறது. உலகத்தைக் கண்டு சொல்லும் பொதுக்கூற்றில் இப்படிப்பட்ட விலக்குக்கு இடமே இல்லை. வெள்ளைக் காகத்தை யாரும் விலக்கவில்லை. அது பறந்துகொண்டிருக்கிறது, நம் கூற்றுத்தான் தவறு. ஆகவே ஒருவர் ராஜம் கிருஷ்ணனை 'விதிவிலக்கு' என்று நிறுத்தி, அதனால் விதி நிரூபணமாயிற்று என்று சொல்லும்போது, தாம் கண்டறிந்த உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தாம் ஒரு சட்டம் இயற்றியிருப்பதை ஒப்புக்கொள்கிறார். பெண்கள் இன்னது எழுதலாகாது என்பது அச்சட்டம். ராஜம் கிருஷ்ணனுக்கு மட்டும் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. அனுமதிச் சீட்டைக் கொடுத்த கையைப் பார்த்தால் சட்டம் யாருடையது என்பது தெரிந்துவிடும்.

நம் மதிப்புரைகளில் இவ்வனுமதிச் சீட்டுகள் ஏராளம். 'பெண்ணாக இருந்தும் நுட்பமான அரசியல் பார்வை', 'தலித் எழுத்தாக இருந்தும் கலையமைதி குன்றவில்லை', 'புலம்பெயர்ந்த சூழலில் எழுதியும் மொழி செம்மையாக இருக்கிறது' என்ற வகைத் தொடர்களைப் பாராட்டாக எழுதுகிறார்கள். பாராட்டாகவே வாங்கிக்கொள்ளவும் பழகியிருக்கிறோம். அங்கெல்லாம் வரும் அந்த 'உம்' என்ன வேலை செய்கிறது? நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் சொன்னார். அவற்றுள் சிறப்பும்மையை உயர்வு சிறப்பு என்றும் இழிவு சிறப்பு என்றும் பிரித்தார்கள் உரைகாரர்கள். இழிவு சிறப்புக்கு வழிவழியாகக் காட்டப்பட்டுவரும் எடுத்துக்காட்டைப் பள்ளியில் படித்தவர்கள் நினைவுகூர்ந்து பார்க்கட்டும். உடம்பின் இழிவைச் சொல்ல வந்த தொடர் அது. அதிலுள்ள ஓர் உம்மை, அதை எழுதிய சமூகம் யாரைக் கீழே வைத்திருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. சொல்ல வந்தது ஒன்று, நிரூபணமானது வேறொன்று. 'பெண்ணாக இருந்தும்' என்ற தொடரும் நாவலைப் பற்றி ஒன்றும் நிரூபிப்பதில்லை. மதிப்புரையாளர் எந்த விதியை மடியில் வைத்துக்கொண்டு நாவலைப் பிரித்தார் என்பதை மட்டும் நிரூபிக்கிறது. இங்கே தாராளமாகச் சொல்லலாம், எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல் என்று. சிசரோ மறுக்க மாட்டார்.

தமிழில் சொல்வதானால், 'நிரூபிக்கிறது' என்ற சொல்லை விட்டுவிட்டு, விலக்கு விதியைக் காட்டிக்கொடுக்கும் என்று எழுதலாம் என்பது எம் யோசனை. பொருளும் சிதையாது, யாருடைய விதி என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். விலக்கியவர் எவருமில்லாத இடத்தில், எதிரில் இருப்பது வெறும் முரணாக இருக்கும்போது, பழமொழியைத் தொடாமல் 'எம் கூற்று தவறு' என்றோ 'இதை ஆராய வேண்டும்' என்றோ சொல்லிவிடலாம். இரண்டும் நல்ல தமிழ் வாக்கியங்கள்தாம். மேடையில் அதிகம் கேட்டதில்லை.

அன்று பேசிய விமர்சகரின் உரை கட்டுரையாக அச்சேறப்போவதாக அறிகிறோம். அதில் 'சில விதிவிலக்குகள் நீங்கலாக' என்ற தொடர் வராமல் இராது. வரும்போது, அந்தச் சிலர் யார் யார் என்று அடைப்புக்குறிக்குள்ளாவது பெயர்களை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்வரிசையில் எழுந்து நின்ற அந்தப் பெண் சொன்ன பெயர்களை நாம் குறித்துவைத்திருக்கிறோம். வேண்டுமானால் அனுப்பித் தருகிறோம். உரோமின் உடன்படிக்கைகள்கூட, தாம் விலக்கிய இனங்களைப் பெயர் சொல்லித்தான் விலக்கின.